ஓடக் கூடாத நொடிகள்

2025 பிப்ரவரி 17, திங்கட்கிழமை. விடியற்காலை 5 மணி 36 நிமிடம். தில்லி தௌலா குவாவில், பூமிக்கு அடியில் ஐந்தே கிலோமீட்டர் ஆழத்தில் பாறை நழுவியது. ரிக்டர் அளவுகோலில் 4.0. எண்ணைப் பார்த்தால் சின்ன நிலநடுக்கம்தான், உயிர்ச்சேதமும் இல்லை. ஆனால் தில்லி ஜனங்கள் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்கள். கட்டில் ஆடியதைவிட, பூமிக்குள்ளிருந்து கேட்ட உறுமல்தான் பலரைக் கலங்கடித்தது. நகரம் முழுக்கப் பல குடியிருப்புகளில், கட்டிய துணியோடு குழந்தைகளை வாரிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினார்கள்.

நிலநடுக்கத்தில் முதலில் வந்து சேர்வது முதன்மை அலை. மையம் ஆழமில்லாமல், பக்கத்திலேயே இருந்தால் இந்த அலையின் வேகமான அதிர்வுகள் வலுக்குறையாமல் மேலே வந்துவிடும். அப்போது நிலத்தின் மேற்பரப்பே ஒலிபெருக்கியின் சவ்வு போல அதிர்ந்து காற்றில் சத்தத்தைக் கிளப்புகிறது. அன்று கேட்ட உறுமல் இதுதான்.

முதன்மை அலை பாறையில் நொடிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடும். பெரிதாகச் சேதம் செய்யாது. கட்டடத்தைப் பக்கவாட்டில் பிடித்து உலுக்குவது அதன் பின்னால், நொடிக்கு மூன்று மூன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டாம் அலை. தௌலா குவாவுக்கும், தமிழ்க் குடும்பங்கள் குடியிருக்கும் தில்லி கிட்வாய் நகருக்கும் நேர்க்கோட்டில் ஐந்து கிலோமீட்டர்தான் இருக்கும். இரண்டு அலைகளும் அங்கே வந்து சேர்ந்ததற்கு இடையில் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்குள் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எந்த மாடியிலிருந்து இறங்க முடியும்?

இமயமலையில் பிறக்கும் நிலநடுக்கத்தின் கதை வேறு. 250, 300 கிலோமீட்டர் தள்ளியிருப்பதால் இரண்டு அலைகளுக்கும் நடுவே அரை நிமிடம் கிடைக்கும். ஆனால் அவ்வளவு தூரம் கடந்து வருவது மெல்ல ஆட்டும் நீண்ட அலை. குட்டை வீடுகள் அதற்கு அதிகம் அசையாது, உயரமானவை தள்ளாடும். 1803-இல் கர்வால் பக்கம் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், இத்தனை தூரத்திலிருந்த குதுப் மினாரின் உச்சி மண்டபம் விழுந்தது. கிட்வாய் நகர் இந்த இரண்டு வகை ஆட்டத்துக்கும் ஆளான இடம். தில்லி, நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் நெடுங்காலமாக நான்காம் மண்டலத்தில் இருந்து வந்த நகரம். 1960 ஆகஸ்ட் 27 அன்று தில்லி அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தை 6 என்று கணக்கிட்டார்கள். ரிக்டரில் ஒரு படி ஏறினால் ஆற்றல் 32 மடங்கு. 4-க்கும் 6-க்கும் நடுவே ஆயிரம் மடங்கு.

கிழக்கு கிட்வாய் நகரின் பழைய சர்க்கார் குவார்ட்டர்ஸ் போய், அரசுக் கட்டுமான நிறுவனமான என்.பி.சி.சி. கட்டிய அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பல பெரியவர்கள் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள். "பூமி ஆடினா வாசலுக்கு ஓடிடு" என்று பாட்டி சொன்னது அந்த வீட்டுக்குப் பொருந்தும். மண்சுவர், இரண்டே எட்டில் வாசல், வெளியே திறந்த வெளி. பல மாடிகள் உயர்ந்த கான்கிரீட் கட்டடத்தில் அதே அறிவுரை ஆபத்து. ஆடும்போது படியில் கால் நிற்காது, லிப்ட் நடுவில் மாட்டிக்கொள்ளும், பால்கனிக் கண்ணாடியும் பூந்தொட்டியும் கீழே ஓடி வருபவர் தலையில்தான் விழும்.

வெளியே போய்விட்டாலே பிழைத்தோம் என்ற நம்பிக்கையை 2001 குடியரசு தினம் கொடூரமாகப் பொய்யாக்கியது. குஜராத்தின் அஞ்சார் நகரில் காலை 8:46-க்குப் பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்துப் போய்க்கொண்டிருந்தது திறந்த வெளியில்தான், ஆனால் குறுகிய தெருவில். நிலநடுக்கத்தில் இரண்டு பக்கக் கட்டடங்களும் அவர்கள் மேல் சரிந்தன. 185 குழந்தைகளும் 20 ஆசிரியர்களும் இறந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கான நினைவகம் இப்போது அங்கே இருக்கிறது.

ஆக, உறுதியான கட்டடத்துக்குள் இருப்பவர் ஆட்டம் நிற்கும்வரை இருந்த இடத்திலேயே தலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். தில்லிப் பள்ளிகளில் இதை "ஜுகோ, டகோ, பகடோ" என்று சொல்லித் தருகிறார்கள்: குனி, மறை, பிடி. மூன்றில் பிள்ளைகள் மறந்துவிடுவது கடைசிச் சொல்லை. மேசைக்கு அடியில் நுழைந்து தலையைக் கையால் மூடிக்கொண்டாகிவிட்டது, பிறகு எதற்குப் பிடிக்க வேண்டும்? இன்றைய வீடுகளில் வழுவழுப்பான டைல்ஸ் தரை. பலமாக ஆடினால் டைனிங் டேபிள் தன்பாட்டுக்கு நகர்ந்து போய்விடும், குழந்தை வெட்ட வெளியில் கிடக்கும். "டேபிள் நகர்ந்தா நீயும் காலைப் பிடிச்சுண்டு கூடவே நகரணும், கண்ணா" என்று சொல்லி, அம்மா மேசையை நிஜமாகவே தள்ளிக் காட்ட வேண்டும். குழந்தை சிரித்துக்கொண்டே தவழ்ந்து வரும். வரட்டும். வாயால் சொன்னது அந்த ஒரு நொடியில் ஞாபகம் வராது, உடம்பு செய்து பார்த்ததுதான் வரும்.

விடியற்காலையில் ஆடினால் மேசையைத் தேடக் கூடாது. கட்டிலிலேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்வதே நல்லது. இருட்டில் இறங்குபவர்களின் பாதத்தைத்தான் உடைந்த கண்ணாடி முதலில் கிழிக்கிறது. ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பையும் ஒரு டார்ச்சையும் பையில் போட்டுக் கட்டில் காலில் கட்டி வைத்தால் போதும், செலவே கிடையாது. கட்டிலுக்கு எதிரே நிற்கும் இரும்பு பீரோவை எல் வடிவ இரும்புப் பட்டையால் சுவரோடு முடுக்கிவிட வேண்டும். பீரோ மேல் அடுக்கிய சூட்கேஸ்களையும் பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரங்களையும் கீழே இறக்கிவிடுவது இன்னும் சுலபம். சாமான்களை இறக்கும் அந்த ஒரு வேலையையாவது இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

ஆட்டம் நின்றதும் கை தானாக லைட் சுவிட்சுக்குப் போகும். அதற்கு முன்னால் மூக்கு வேலை செய்ய வேண்டும். சமையல் வாயுவுக்கு இயற்கையில் வாசனை இல்லை. துளியிலும் துளி கசிந்தாலே தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்ற வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். சிலிண்டரில் இருப்பது புரொபேனும் பியூட்டேனும். காற்றைவிடக் கனமானவை என்பதால் தரையோடு தவழ்ந்து மூலைகளில் தேங்கும். தில்லியில் குழாய் வழியே வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட லேசு, கூரைக்கு ஏறும். எது வந்தாலும் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனும் அப்படியே. போட்டாலும் அணைத்தாலும் பொறி பறக்கும். பூஜை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். ஜன்னல்களைத் திறந்து, சிலிண்டர் ரெகுலேட்டரையோ குழாய் வால்வையோ மூடிவிட்டு வெளியேறி, வெளியிலிருந்து போன் செய்ய வேண்டும். சிலிண்டர் கசிவுக்கு 1906. குழாய் இணைப்புக்காரர்கள் தங்கள் நிறுவனத்தின் அவசர எண்ணை வாசல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டலாம். வால்வு எங்கே, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். தொட்டுக் காட்டினால் ஒரு நிமிட வேலை.

இதையெல்லாம் சொன்னால் குழந்தை பயந்துவிடாதா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்வி. நியூசிலாந்தில் கெவின் ரோனனும் டேவிட் ஜான்ஸ்டனும் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைத்தான் ஆராய்ந்தார்கள். பேரிடர் பாடம் படித்த பிள்ளைகளுக்குப் பயம் குறைவாக இருந்தது. எதைச் செய்வது என்ற தெளிவு கூடியிருந்தது. வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் பேசிய பிள்ளைகளின் வீடுகளில் ஏற்பாடுகளும் கூடின. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது என்பதையும் குழந்தையிடம் நேராகவே சொல்லலாம். வாட்ஸ்அப்பில் "இன்று இரவு பெரிய ஆட்டம்" என்று வரும் வதந்திகளை நம்பாமலிருக்க அது உதவும்.

தில்லித் தமிழ்க் குழந்தைகளுக்கு இன்னொரு பயிற்சியும் தேவை. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிட்டால் எதிர்முனையில் பெரும்பாலும் ஹிந்தி. கிழக்கு கிட்வாய் நகரா மேற்கா, எந்த பிளாக், எத்தனையாவது மாடி, ஐ.என்.ஏ. மெட்ரோவிலிருந்து எப்படி வருவது என்று தன் வீட்டு முகவரியை ஹிந்தியில் தடங்கலில்லாமல் சொல்ல வர வேண்டும். விளையாட்டாகத் தாத்தாவே காவல்துறை ஆபரேட்டராக உட்கார்ந்து கேட்கலாம்.

பெரிய அதிர்வுக்குப் பிறகு ஊருக்குள் போன் இணைப்பு நெரிசலில் சிக்கும். பேச்சு போகாத நேரத்தில் குறுஞ்செய்தி போய்விடும். அப்பா ஆபீஸில், அம்மா சரோஜினி நகர் கடையில், பிள்ளைகள் லட்சுமிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் என்று சிதறியிருக்கும்போது எல்லோரும் திருச்சியிலிருக்கும் பெரியப்பாவுக்கே செய்தி அனுப்புவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். அவர் எண் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். போனில் பதிந்து வைத்த எண், போன் உடைந்தால் போயிற்று. செய்தியில் பெயரும் இடமும் மட்டும் போதும். சந்திக்கும் இடம், கட்டடங்களிலிருந்து தள்ளியிருக்கும் பிளாக் பூங்கா. பின்னதிர்வுகள் மணிக்கணக்கில் வரலாம் என்பதால், வீட்டைப் பூட்டவில்லையே என்று யாரும் திரும்ப மேலே ஏறிப் போகக் கூடாது.