அடுத்த வீட்டுக்காரரின் தர்மம்

முதுமைக்குத் துணை – 12

ஞாபகசக்தி குன்றிய பெரியவர்களை இல்லத்தில் வைத்துப் பராமரிக்கும் மகன், மகள், மருமகள் ஆகியோரின் கடமைகளைச் சென்ற வாரம் விரிவாகப் பார்த்தோம். ஆனால், பிள்ளைகள் உத்தியோக நிமித்தம் பெங்களூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ தங்கிவிட, சொந்த வீட்டில் தன்னந்தனியாகக் காலம் தள்ளும் ஒரு முதியவருக்குப் புத்தி தடுமாறத் தொடங்கினால், அதை முதலில் அறியக்கூடியவர் யார்? சந்தேகமின்றி அக்கம்பக்கத்தார்தாம். அவர்களுக்கு இரத்த சம்பந்தம் இல்லை. சட்டப்படியான பாத்தியதையும் இல்லை. ஆயினும் அன்றாடம் கண்ணால் காணும் சாட்சிகள் அவர்களே. கண்டதைக் கண்டபடி உரியவரிடம் எடுத்துரைப்பதும், அதுவரையில் அந்தப் பெரியவரின் மானத்துக்குப் பங்கம் வராமல் காப்பதும் அவர்களுடைய தர்மம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இது எங்கோ அபூர்வமாக நேரும் விஷயம் அல்ல. 2023-ஆம் ஆண்டில் வெளியான தேசிய ஆய்வொன்று, இந்தியாவில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் ஆரம்ப தசையில் பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு, “சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டால், “எல்லாம் ஆச்சுப்பா” என்று சொல்லிச் சமாளிக்கும் சாமர்த்தியம் நோயாளிக்கு நெடுநாள் வரை எஞ்சியிருக்கிறது. ஆயுள் முழுவதும் பழகிய உபசார வார்த்தைகள் எளிதில் கைவிடுவதில்லை; நேற்று நடந்த சம்பவமும், கொடுக்கல் வாங்கல் கணக்கும், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டிய காரியங்களுமே முதலில் குழம்பிப் போகின்றன.

பாளையங்கோட்டையில், பள்ளிக்கூடங்கள் நிறைந்த எங்கள் பகுதியில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வசித்து வந்தார். தெருவுக்கே அவர் ‘டீச்சர்’. மார்கழி மாதத்தில் அவர் வாசலில் இடும் புள்ளிக் கோலத்தைப் பார்ப்பதற்கென்றே விடியற்காலையில் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்தக் கை ஒரு சமயம் தடுமாறத் தொடங்கியது. புள்ளிகள் வரிசை பிசகாமல் விழுந்திருக்கும். அவற்றைச் சுற்றி வளைந்து வந்த இழை மட்டும், புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வழி தெரியாமல் பாதியில் நின்றிருக்கும். அதன் பக்கத்தில், காலால் அழித்துவிட்டு மறுபடியும் முயன்றதற்கு அடையாளமாகக் கோலமாவு கலைந்து கிடக்கும். வைத்தியர்கள் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, கடிகாரத்தின் முகத்தை வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொல்லிச் சோதிப்பது வழக்கம். இடத்தையும் வரிசையையும் மனத்தில் நிறுத்தும் சக்தி குறைந்திருந்தால் அங்கே அது வெளிப்பட்டுவிடும். அதே பரீட்சைதான் டீச்சரின் வாசலில் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. அதைக் கண்டு மனம் திடுக்கிட்டவர் எதிர்வீட்டு அம்மாள். பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுத்ததும், அடுப்பில் வைத்த பால் தீய்ந்து பாத்திரம் கரியானதும் அதற்குப் பின்னரே அவர் காதுக்கு எட்டின.

இத்தகைய சந்தர்ப்பத்தில் ஜனங்கள் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். “வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்” என்பது ஒன்று, “புத்தி பேதலிச்சிட்டு, இனி என்ன செய்ய?” என்பது மற்றொன்று. இரண்டுமே கேடு பயப்பவை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்பின் மந்தம், இரத்தத்தில் சோடியம் இறங்கிப்போதல், தூக்க மாத்திரையின் மிகுதி, ஆழ்ந்த மனச்சோர்வு, சில வாரங்களுக்கு முன் வழுக்கி விழுந்ததில் மூளையின் மேற்புறம் மெல்லக் கசிந்து உறைந்த இரத்தம் ஆகிய இவையெல்லாம் மறதி நோயைப் போலவே தோன்றக்கூடியவை. உரிய காலத்தில் கண்டுபிடித்தால் இவற்றிற்குச் சிகிச்சை உண்டு. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று இடம், காலம் தெரியாமல் பிதற்றினாலோ, கண்ணைத் திறக்கமாட்டாமல் மயங்கிக் கிடந்தாலோ, சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வேறு கடுமையான நோயோ உள்ளே மறைந்திருக்கலாம். அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசர நிலை. மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் படிப்படியாக வந்த தடுமாற்றம் வேறு வகையானது. “எப்போது முதல் இப்படி இருக்கிறார்?” என்பது வைத்தியர் கேட்கும் முக்கியமான கேள்வி, அதற்கு நோயாளியால் பதில் சொல்ல இயலாது, தூரதேசத்து மகனுக்கும் பதில் தெரியாது. எதிர்வீட்டு அம்மாளின் வாக்குமூலத்துக்கு வைத்திய சாஸ்திரத்திலேயே இடமிருப்பது இதனால்தான்.

ஒருநாள் அந்தி நேரத்தில், கைப்பையும் குடையுமாக டீச்சர் வாசற்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “வீட்டுக்குப் போணும், எங்கம்மா தேடுவா” என்று அவர் பதறியபோது, அவருடைய தாயார் காலமாகிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன என்ற உண்மையை எடுத்துச் சொல்வதில் எவருக்கு என்ன லாபம்? ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அது அவருக்குப் புதிய சாவுச் செய்தியாகவே விழும். அந்த அம்மாள் அப்படிச் செய்யவில்லை. “வாங்க டீச்சர், இருட்டிட்டுல்லா? ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போலாம். உங்கம்மா நல்லா சமைப்பாங்களோ?” என்று கையைப் பற்றி உள்ளே அழைத்துச் சென்றார். பேச்சு சொதிக்கும் தோசைக்கும் திரும்பியது; பதற்றம் தானாகத் தணிந்தது. தர்க்கம் செய்யாமல் இருப்பது, முன்னால் வந்து முகம் பார்த்துப் பேசுவது, ஒரு சமயத்தில் ஒரு விஷயத்தை மட்டும் கேட்பது, “ஞாபகம் இருக்கா?” என்று பிறர் எதிரில் பரீட்சை வைக்காமல் இருப்பது ஆகிய இந்த நான்கு நியமங்களையும் தெருவில் உள்ள சிறுவர்களுக்குக்கூடக் கற்றுக்கொடுக்கலாம்.

அடுத்தது பிள்ளைகளுக்குத் தெரிவிப்பது. “உங்கம்மாவுக்குப் புத்தி சரியில்லை” என்று ஆரம்பித்தால் எந்த மகனுக்கும் கோபமே வரும். நோயின் பெயரைச் சொல்வது வைத்தியரின் பொறுப்பு. நாம் கண்ட காரியத்தை மட்டும், தேதியோடு குறித்து வைத்துச் சொன்னால் போதும். எதிர்வீட்டு அம்மாள் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் எழுதிவைத்த குறிப்புகள், டீச்சரின் மகளை விடுப்பெடுத்து ஊருக்கு வரச் செய்தன. ‘ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி’ என்று எங்கள் ஊரார் சொல்லும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவை டாக்டரின் மேஜைக்கும் போய்ச் சேர்ந்தன.

பரோபகார சிந்தை உள்ளவர்கள் தங்களுக்கும் ஒரு வரம்பு வகுத்துக்கொள்ள வேண்டும். பெரியவரின் ஏ.டி.எம். அட்டையையோ, பாஸ் புத்தகத்தையோ, நகையையோ பிள்ளைகளுக்குத் தெரியாமல் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவு தூய நோக்கமாயினும், “என் வளையலைக் காணோம்” என்று அவர் மனம் கலங்கிச் சொல்லும் நாளில் அது விபரீதமாக முடியும். மருந்துகளை நாமாக நிறுத்துவதும் கூட்டுவதும் ஆகாது. சிலிண்டர் வால்வு இரவில் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதும், வீட்டுச் சாவி ஒன்றைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு வைத்திருப்பதும், அவர்களுடைய தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெரியவரின் கைப்பைக்குள் வைப்பதும் போதிய உதவிகளே.

குடும்பத்தார் செவிசாய்க்காவிட்டால் என்ன செய்வது? மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லாத உதவி எண் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை இயங்குகிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிக்கும் பொறுப்புள்ளவர் முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமளிக்கிறது. மனு இல்லாமலேயே தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரிக்கவும் அதிகாரம் தருகிறது. வழி தவறி அலைபவர் விஷயத்திலோ, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, ஞாபகமும் விவேகமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டுத் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது காவல்துறையின் கடமை. அவரை லாக்கப்பில் அடைக்கக் கூடாதென்றும் அச்சட்டம் விதிக்கிறது. ஆகையால் ஒருவரைக் காணோம் என்றால், இரவு வரை காத்திராமல் உடனே காவல் நிலையத்துக்குச் சொல்வதில் கூச்சம் வேண்டியதில்லை.

மறதி நோயைப் பூரணமாகக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. ஆனால் நோயாளி எத்தனை காலம் தம் சொந்த வீட்டில், தம் சொந்தப் பெயரோடும் கௌரவத்தோடும் வாழ முடியும் என்பது மருந்தை மட்டும் பொறுத்ததல்ல. பால்காரரும் காய்கறிக்காரரும் எதிர்வீட்டாரும் சேர்ந்த ஒரு தெருவின் விவேகத்தையும் பொறுத்தது. அந்த விவேகத்துக்குப் பணச் செலவு கிடையாது, பட்டப் படிப்பும் வேண்டியதில்லை. இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் தெருவில் தனித்து வாழும் பெரியவர் ஒருவரின் பிள்ளைகளுடைய தொலைபேசி எண்ணை இன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுமாறு மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

அடுத்த வாரம்: இரவில் உறங்காத பெரியவரும், அவரோடு உறக்கம் இழந்த குடும்பமும்.

(தொடரும்)