அச்சத்தை ஆளப் பழகுதல்

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்தார் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. நம் பருவத் தேர்வும் கருத்தரங்க மேடையும் அப்பட்டியலில் இல்லை! நான்காவதான இறையில் நம் துறைத் தலைவர்களை அடக்கிக்கொள்ளலாம் என்று எவரேனும் உரை வகுத்தால் நான் மறுக்கப் போவதில்லை. அது நிற்க. அச்சத்தை அவர் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார் என்பதே நாம் கருதத்தக்கது. உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு.

இக்கால அறிவியலாரும் உடலிலிருந்தே தொடங்குகின்றனர். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் உடலியல் பேராசிரியர் வால்டர் கானன், 1915-இல் வெளியிட்ட நூலில், ஆபத்தைக் கண்ட விலங்கின் உடல் எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ எவ்வாறு ஆயத்தமாகிறது என்பதை விளக்கினார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, செரிமானம் தணிகிறது, தசைகளுக்குக் குருதி பாய்கிறது. புலியைக் கண்டால் இவை உயிரைக் காக்கும். வினாத்தாளைக் கண்டு ஓடவும் இயலாது; அதனோடு மற்போர் புரியவும் இயலாது. ஆயத்தமான உடல் அப்படியே நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. கை வியர்க்கிறது, நா வறள்கிறது, வயிறு புரட்டுகிறது. இது கோழைத்தனம் அன்று. உடல் தன் கடமையை இடமறியாமல் செய்கிறது, அவ்வளவே.

இதற்கு நாம் அறிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: மறைத்தல். “ஆண்பிள்ளை அழலாமா?” என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். வீட்டைவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்து, புரியாத மொழியும் தில்லிக் குளிருமாக வாடும்போதும், தொலைபேசியில் அம்மாவிடம், “நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன்” என்கிறோம். அம்மாவின் மனம் நோகக் கூடாது என்ற அன்பு அதில் உண்டு. ஆனால் மறைத்தலுக்கு விலை உண்டு என்பதை உளநூலார் அளந்தே காட்டியுள்ளனர்.

ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். காணச் சகிக்காத அறுவை மருத்துவப் படம் ஒன்றை மாணவர்கள் பார்த்தனர். ஒரு சாரார் முகத்தில் எதுவும் தெரியாமல் பார்க்க வேண்டும். மற்றொரு சாரார் அக்காட்சியை மருத்துவப் பாடம்போல் எண்ணிப் பற்றின்றிப் பார்க்க வேண்டும். முகத்தை அடக்கியவர்களுக்கு உள்ளே இருந்த அருவருப்பு குறையவில்லை. உடலின் பரபரப்போ கூடியது. எண்ணத்தை மாற்றியவர்களுக்கு அருவருப்பே குறைந்தது. 2000-இல் ஜேன் ரிச்சர்ட்ஸும் கிராஸும் மேலும் ஒன்றைக் கண்டனர்: உணர்வை வெளிக்காட்டாது அடக்கியவர்கள், அந்நேரத்தில் தமக்குச் சொல்லப்பட்ட செய்திகளைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். மாணவர்க்கு இதைவிடப் பெரிய இழப்பு எது? வாய்மொழித் தேர்வில் முகத்தைக் கல்லாக்கிக் கொள்ளும் முயற்சியில், கேட்ட வினாவையே தவறவிடும் நிலை இதுதான்.

அப்படியானால் உணர்வை ஆளுதல் என்பது வேறு. அடக்குதல் என்பது வேறு. ஆளுதலை நீச்சல்போல் கற்பிக்க முடியும். வாஷிங்டன் பல்கலைக் கழகத்தின் மார்ஷா லினஹன், கடுந்துயரில் உயிரையே வெறுத்தவர்களுக்காக இத்தகைய பயிற்சியை வகுத்து, 1993-இல் கையேடாக வெளியிட்டார். வாரந்தோறும் குழுவாக அமர்ந்து, பாடம் கேட்டு, வீட்டுப் பயிற்சி செய்துவரும் வகுப்பு அது. பின்னர் கல்லூரி மாணவர்க்கும் அதைப் பயிற்றுவிக்கலாயினர்.

அதில் ஒரு பயிற்சியைச் சற்று விரித்துரைக்கிறேன். வெள்ளிக்கிழமை துறைக் கருத்தரங்கில் ஆங்கிலத்தில் இருபது நிமிடம் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். “திணறுவேன், எல்லோரும் நகைப்பார்கள், இத்தோடு என் படிப்பு முடிந்தது” என்கிறது மனம். தாளை எடுத்து, நடுவே கோடு கிழியுங்கள். ஒருபுறம் நடந்தவற்றையும் மறுபுறம் ஊகங்களையும் எழுதுங்கள். சென்ற முறை குரல் நடுங்கியது, இருவர் வினா எழுப்பினர்: இவை நடந்தவை. எஞ்சியதெல்லாம் ஊகம் என்பது எழுதியபின் தெரியும். இது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதன்று. குரல் நடுங்கியது உண்மையானால் அதையும் எழுதத்தான் வேண்டும்.

அச்சம் எப்போதும் “போகாதே” என்று தூண்டும். போகாமல் இருந்தால் அந்நேரத்திற்கு நிம்மதி கிட்டும். அந்த நிம்மதியே அடுத்த முறை அச்சத்தை வளர்க்கும். ஆகவே தூண்டுதலுக்கு எதிராகச் செய்யப் பழக்குகின்றனர், படிப்படியாக. முதலில் அறைத் தோழரிடம் பேசிக் காட்டலாம். பிறகு நம் மன்றக் கூட்டத்தில் நால்வர் முன் பேசலாம். அதன் பிறகு துறை. (மன்றத்தில் பேச ஆள் கிடைக்காமல் செயலாளர் அலைவதும் இதனால் தீரும்!)

உணர்வுக்குப் பெயரிடுவதும் ஒரு பயிற்சி. அஞ்சிய முகங்களின் படத்தைப் பார்த்து அவ்வுணர்வின் பெயரைத் தெரிந்தெடுத்தவர்களின் மூளையில், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாப் பகுதியின் கிளர்ச்சி தணிந்ததை மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் காட்டினர். நாமோ எல்லாவற்றையும் ‘டென்ஷன்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். அச்சமா, நாணமா, ஏக்கமா, பொறாமையா? இத்தனை சொற்கள் இருந்தும் பயன்படுத்தாதது எனக்கு வியப்பாகவே உள்ளது. ஏக்கத்திற்கு வேண்டியது வீட்டோடு ஓர் உரையாடல். அச்சத்திற்கு வேண்டியது ஒத்திகை. பெயர் தெரியாமல் மருந்து எப்படித் தெரியும்?

மூச்சைப் பற்றியும் ஒரு சொல். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டினால் இதயத் துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் போதும். ஆனால் தேர்வு நாளன்று தொடங்குவதில் பயனில்லை. சாதாரண நாட்களிலேயே பழக வேண்டும். இரவெல்லாம் விழித்துத் தேநீர் குடிப்பவருக்கு எந்தப் பயிற்சியும் ஒட்டாது.

இவற்றுக்கும் எல்லை உண்டு. வாரக்கணக்கில் உறக்கமில்லை, வகுப்புக்குச் செல்லவே இயலவில்லை, உயிரோடிருப்பதே வீண் என்று தோன்றுகிறது என்றால், கோடு கிழித்த தாள் போதாது. மருத்துவரை நாட வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்றது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். தனியே அழைக்கவோ மருத்துவரிடம் செல்லவோ தயங்கும் நண்பர் இருந்தால், அறைத் தோழர் அருகில் அமர்ந்து எண்ணை அழுத்திக் கொடுக்கலாம்.