எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் வரும் இரண்டாம் ஆண்டு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தொடர் பரிசோதனைக்கு வரும் நாளில், எங்கள் புறநோயாளிகள் பகுதி சற்றுக் கலகலப்பாகவே இருக்கும். மூன்றாம் மாதத்தில் வருபவர் பழைய சட்டையை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்துக் காட்டுவார். ஆறாம் மாதத்தில் வருபவர் இன்சுலின் நின்றுவிட்டதைச் செவிலியரிடம் சொல்லி மகிழ்வார். ஆண்டு நிறைவுக்கு இனிப்புடன் வந்து, எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தாம் மட்டும் உண்ணாமல் சிரிப்பவர்களும் உண்டு. பதினெட்டாம் மாதத்திற்குப் பிறகோ, பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே கட்டம் வெறுமையாக இருக்கும். தொலைபேசியில் அழைத்தால், "நடவு வேலை இருக்குது டாக்டர்", "பிள்ளைக்குப் பரீட்சை" என்று பதில் வரும். உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறு. எடை மூன்று நான்கு கிலோ கூடியிருக்கும். அதை எடைப் பொறியின் மீது ஏறி நின்று ஒப்புக்கொள்ளக் கூச்சம்.

இக்கட்டுரை அவர்களுக்காகவும், அவர்களுக்குச் சமைத்துப் பரிமாறுபவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. நான் கத்தி பிடிப்பவன் அல்லன்; அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியைக் கவனிக்கும் பொது மருத்துவத் துறையைச் சேர்ந்தவன். ஆகவே, வெற்றியைக் காட்டிலும் அதன் பிறகு வருவனவே என் கண்ணில் மிகுதியாகப் படுகின்றன.

கம்மாபுரத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் அம்மையார் ஒருவர் அப்படித்தான் பல மாதங்கள் வராமல் இருந்தார். ஒருநாள் மகளுடன் வந்து அமர்ந்தார். "நான் தோத்துட்டேன்னு நெனச்சேன் டாக்டர். உங்க மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு வரல" என்றார். எடை ஆறு கிலோ ஏறியிருந்தது. மதியம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு கைப்பிடிச் சோறு, மீன், கீரை. தட்டில் குறையே இல்லை. அரை மணி நேரம் பேசிய பிறகுதான் செய்தி வெளிவந்தது. பிற்பகல் முழுவதும் வீட்டில் முந்திரிப் பருப்புக்குத் தோல் நீக்கும் வேலை. உடைந்த பருப்பு வாய்க்குள் போய்க்கொண்டே இருக்கும். அது சாப்பாடு என்ற கணக்கிலேயே அவருக்கு வரவில்லை. நூறு கிராம் முந்திரியில் ஏறத்தாழ 580 கலோரி இருக்கிறது. இரண்டு மூன்று கைப்பிடி சேர்ந்தால் ஒரு முழு உணவுக்கு மேல் ஆகிவிடும். கூடவே, சர்க்கரை போட்ட தேநீர் நான்கு வேளை.

இதில் தோல்வி எங்கே இருக்கிறது?

இந்த அறுவை உடலில் என்ன செய்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். 1966இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் உடல் பருமனுக்காக இரைப்பை பைபாஸ் சிகிச்சையைத் தொடங்கினார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றிக்கொண்டவர்கள் மீண்டும் எடை கூடாமல் இருந்ததைக் கண்டதே அவருக்குத் தூண்டுதல். இன்று பரவலாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் நீக்கப்பட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் மட்டும் எஞ்சுகிறது. அதனுடன், பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் பகுதியும் போய்விடுகிறது. முதல் ஆண்டில் பசி அடங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பலரும் அதைத் தங்கள் மன உறுதி என்று எண்ணிக்கொள்கிறார்கள். எண்ணிக்கொள்ளட்டும், தவறில்லை. ஆனால், பசி மெல்லத் திரும்பும்போது மன உறுதி போய்விட்டதாகவும் எண்ணி நொந்துகொள்கிறார்கள். அதுதான் தவறு.

உடல் இழந்ததை மீட்கப் பார்க்கும். அது அதன் இயல்பு. சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கி, அறுவை செய்துகொண்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் இரண்டாம் ஆண்டில் சராசரி எடை இழப்பு 23 விழுக்காடு. பத்தாம் ஆண்டில் அது 17 விழுக்காடாகக் குறைந்தது. இருபதாம் ஆண்டிலும் 18 விழுக்காட்டளவில் நின்றது. அதாவது, சிறிது திரும்பி வந்தது, பெரும்பகுதி வரவேயில்லை. நூறு கிலோவில் தொடங்கியவர் இருபது ஆண்டு கழித்தும் எண்பத்திரண்டில் இருப்பது சிறிய காரியமா? இரண்டு மூன்று கிலோ ஏறியவுடன் மருத்துவரைப் பார்ப்பதற்கும், பதினைந்து கிலோ ஏறும்வரை ஒளிந்திருப்பதற்கும் உள்ள தூரமே கவலைக்குரியது.

இனி, தட்டு. அறுவைக்குப் பிந்தைய முதல் இரு வாரம் நீர்ம உணவு, பின்னர் மசித்தது, அதன் பின்னர் மென்மையானது, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரத்தில் திட உணவு என்னும் படிகளை உங்கள் உணவியல் நிபுணர் எழுதித் தந்திருப்பார். அந்தத் தாளே உங்களுக்குச் சட்டம். பக்கத்து வீட்டுக்காரரின் தாள் அன்று. நான் சொல்ல விரும்புவது அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றி.

நம் தட்டில் சோறு நடுவே குவிந்திருக்கும். மற்றவை அதைச் சுற்றி நிற்கும். இனி அந்த ஒழுங்கு மாற வேண்டும். முதலில் புரதம், அடுத்துக் காய், கடைசியில் இடமிருந்தால் சோறு. இடம் என்பது இப்போது உண்மையிலேயே இடம்தான். சோற்றை முதலில் உண்டால், மீனுக்கும் முட்டைக்கும் அங்கே இருக்கை இல்லை. புரதம் குறைந்தால் உடல் கொழுப்புடன் தசையையும் கரைக்கும். எடைப் பொறி இறங்கிக் காட்டும், மாடிப்படி ஏறக் கால் மறுக்கும்.

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. கேட்க மலைப்பாக இருக்கும். இரண்டு முட்டையில் 12 கிராம், சமைத்த மீன் நூறு கிராமில் 20, ஒரு தம்ளர் பாலில் 6, கெட்டியான பருப்பு ஒரு கிண்ணத்தில் 8, தயிர் ஒரு கிண்ணத்தில் 5, கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு சிறு கிண்ணத்தில் 9 என்று கூட்டிப் பாருங்கள், அறுபது வந்துவிடும். இவற்றை ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். கடலூர் துறைமுகத்திலிருந்து வரும் மத்தியும் கானாங்கெளுத்தியும் விலை உயர்ந்த டப்பா மாவுக்குச் சற்றும் தாழ்ந்தவை அல்ல. குழம்பாகவோ அவித்தோ உண்ணுங்கள், எண்ணெயில் பொரிக்க வேண்டாம். வள்ளலார் வழியில் புலால் மறுத்தவர்கள் இப்பகுதியில் ஏராளம். அவர்களுக்குப் பனீர், சோயா, பயறு வகைகள், தயிர் உண்டு. அப்படியும் எட்டாதபோது புரத மாவு தேவைப்படலாம்.

இங்கே ஒரு சொல்லை நினைவூட்ட விரும்புகிறேன்: பத்தியம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் வீடுகளின் பழக்கம். மென்மையானது, புரதம் நிறைந்தது. அறுவைக்குப் பின் மென்மையான உணவுக்கு வந்தவருக்கும் மிகப் பொருத்தமானது. அதைவிட முக்கியம், பத்தியத்தில் இருப்பவரிடம் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று எவரும் வற்புறுத்துவதில்லை. 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரியும் மாவட்டம் இது. உணவை மறுப்பது இங்கே அன்பை மறுப்பதாகவே கொள்ளப்படும். ஆகவே, கலியாணப் பந்தியில் "டாக்டர் குறைவாகச் சாப்பிடச் சொன்னார்" என்று விளக்கம் சொல்லி வாதாடாதீர்கள். "பத்தியத்தில் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். பரிமாறுபவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். இந்தப் பத்தியத்துக்கு முடிவு நாள் கிடையாது என்பதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

மெதுவாக உண்ணுங்கள், ஒரு வேளைக்கு இருபது முப்பது நிமிடம். உணவுக்கு அரை மணி முன்பிருந்து அரை மணி பின்புவரை தண்ணீர் வேண்டாம். இடைப்பட்ட நேரத்தில் மிடறு மிடறாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை அருந்திவிட வேண்டும். அக்கினி நட்சத்திர நாள்களில் இது சற்றுக் கூடட்டும். மோர் நல்லது. கரும்புச் சாறும் குளிர்பானமும் நல்லவை அல்ல. சிறிய இரைப்பை திட உணவைத் தடுத்து நிறுத்துமே தவிர, இனிப்பு நீரைத் தடுக்காது. பைபாஸ் செய்தவர்கள் இனிப்பை மிகுதியாக உண்டால், அது சிறுகுடலுக்குள் வேகமாக இறங்கிப் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரும். பண்ருட்டிப் பலாவுக்கு இது பொருந்தும். ஒரு சுளை போதும். பன்னிரண்டு சுளையுடன் அமர வேண்டாம்.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. பல்வகை வைட்டமின், பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. இரும்பையும் சுண்ணாம்பையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீருடன் எடுக்காதீர்கள். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டுவது பலருக்கு நேர்வதே. புரதமும் இரும்பும் போதிய அளவில் இருந்தால் சில மாதங்களில் திரும்ப வளரும். எடை குறையும்போது சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளின் அளவும் குறைய வேண்டும். பழைய சீட்டைக் காட்டிப் பழைய அளவையே வாங்குவது ஆபத்து. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள், குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, குடலில் புண் உண்டாக்கும். கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் முதல் 12 முதல் 18 மாதம்வரை கருவைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்பதைப் பல தம்பதியர் எதிர்பார்ப்பதில்லை.

ஒரு செய்தியை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாள் விடாமல் வாந்தி இருந்தால், அதை அசீரணம் என்று விட்டுவிடாதீர்கள். தயாமின் எனப்படும் வைட்டமின் பி1 உடலில் விரைவில் தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், பேச்சில் குழப்பம் ஆகியவை மூளை பாதிக்கப்படுவதன் அறிகுறிகள். இந்நிலையில் நம் ஊர்களில் முதலில் நடப்பது, அருகிலுள்ள கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவதுதான். தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். "எனக்கு எடைக் குறைப்பு அறுவை நடந்திருக்கிறது, முதலில் தயாமின் ஊசி தேவைப்படலாம்" என்று எழுதிய சிறு அட்டையைப் பணப்பையில் வைத்திருங்கள். உடனிருப்பவரும் இதை அறிந்திருக்க வேண்டும்; வாந்தியில் சோர்ந்தவரால் பேச இயலாமல் போகலாம்.

மனத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, துன்பப்படுபவர்கள் மிகுதி. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை உடையவர்கள். அப்படியிருந்தும், இளைத்தவரைக் கண்டால் நம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன, இப்படி உடம்பு வத்திப்போச்சு? சர்க்கரையா?" என்பதே. பருமனாக இருந்தபோது கேலி, இளைத்தபோது இரங்கல். ஓராண்டுக் கால உழைப்பு அந்த ஒரு கேள்வியில் கரைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உறவினர்களுக்கு என் வேண்டுகோள்: எடையைப் பற்றி எதுவுமே பேசாதீர்கள், பாராட்டாகக்கூட வேண்டாம். "முழங்கால் வலி எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள்.

நோயாளிகளும் எடைப் பொறியைத் தவிர வேறு அளவைகளை வைத்துக்கொள்வது நல்லது. பேருந்துப் படியில் கைப்பிடி இல்லாமல் ஏற முடிகிறதா, தரையில் அமர்ந்து எழ முடிகிறதா, எத்தனை மாத்திரை குறைந்திருக்கிறது என்பவற்றைக் குறித்து வையுங்கள். எடை அசையாத மாதங்களில் இவையே துணை. முன்பு துக்கத்தையும் சலிப்பையும் உணவால் ஆற்றிக்கொண்டவருக்கு, இப்போது அந்த வழி அடைபட்டிருக்கிறது. சிலர் மதுவை நாடுகிறார்கள்; அறுவைக்குப் பின் மது விரைவாகவும் கடுமையாகவும் ஏறும். மனச்சோர்வு தொடர்ந்தால் எங்களிடம் சொல்லுங்கள்; இரவு நேரத்தில் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

சஷ்டி, பிரதோஷம், ரமலான் நோன்புகளைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். முதல் ஆண்டு, ஒன்றரை ஆண்டு வரை முழு நோன்பு வேண்டாம் என்பதே என் கருத்து. அதன் பிறகு, இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம்.

முந்திரித் தோல் நீக்கும் அம்மையாரிடம் அந்த வேலையை விடச் சொல்லவில்லை. அது அவருடைய வருமானம். பிற்பகல் வேலைக்கு உட்காரும் முன் ஒரு கிண்ணம் சுண்டல் உண்பது, உடைந்த பருப்பை மூடியுள்ள டப்பாவில் அவ்வப்போது போட்டுவிடுவது, தேநீரில் சர்க்கரையை நிறுத்துவது என்று மூன்று மாற்றங்கள் செய்தோம். டப்பா யோசனை மகளுடையது. நான்கு மாதத்தில் நான்கு கிலோ இறங்கியது. எஞ்சிய இரண்டு அப்படியே இருக்கிறது. இருக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது மாத்திரை அட்டைகளையும், மூன்று நாள் உண்டதை மறைக்காமல் எழுதிய தாளையும் கொண்டு வாருங்கள். இடையில் கொறித்ததையும் அதில் எழுதுங்கள். வீட்டில் சமைப்பவர் யாரோ, அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.