ஏழு அங்குலத் தட்டுக்குள் இத்தனை ரகசியமா?

பழைய ரிக்கார்டு கடையில் பெட்டி பெட்டியாக நிற்கும் ஏழு அங்குலத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்களைக் கேளுங்கள், மதியச் சாப்பாடே மறந்துபோகும் என்பார்கள்! பக்கத்துக்கு ஒரே பாட்டுதான். ஆனால் பாட்டு இல்லாத இடங்களைப் பாருங்கள்: நடு ஓட்டை, லேபிள், முள் ஓடி முடிகிற வெற்று வளையம். அதிசயமெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

1949-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் நிமிடத்துக்கு 45 சுற்றும் சிறிய தட்டை முதன்முதலில் கடைக்கு அனுப்பியபோது, அது கலர் கலராக வந்தது தெரியுமா? கன்ட்ரி பாட்டுக்குப் பச்சை, குழந்தைகளுக்கு மஞ்சள், செவ்வியல் இசைக்குச் சிவப்பு! நடுவில் ஒன்றரை அங்குலத்துக்கு அவ்வளவு பெரிய ஓட்டை எதற்கு? பிளேயரின் நடுவே தடித்த தண்டு ஒன்று நிற்கும். அதில் தட்டுகளை அடுக்கிவிட்டால், ஒன்று பாடி முடித்ததும் அடுத்தது தானே இறங்கும்.

சரி, ஒரு பக்கத்தில் எத்தனை வரிப்பள்ளங்கள்? நூறு, இருநூறு என்பீர்கள். ஒன்றே ஒன்றுதான்! விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு உள்ளே போகும் ஒரே பள்ளம். மூன்று நிமிடப் பாட்டுக்கு 135 சுற்று. நீட்டிப் பிடித்தால் 50 மீட்டரைத் தாண்டும்!

இனி வருவது சேகரிப்பாளர்களின் நெஞ்சைப் படபடக்க வைக்கும் விஷயம். பிரிட்டனின் இ.எம்.ஐ. அச்சடித்த பழைய பீட்டில்ஸ் சிங்கிள் ஒன்றை விளிம்பைப் பிடித்து எடுத்து, டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பாருங்கள். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில், கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடத்தில், பொடி எழுத்து ஒன்றோ இரண்டோ தெரியும். அந்தத் தட்டு எந்த உலோக அச்சில் பிறந்தது என்று சொல்லும் சங்கேதம் அது! 'கிராமபோன் லிமிடெட்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் பத்தைப் பொறுக்கி எண்களாக்கிவிட்டார்கள். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3. ஆர், ஏ இரண்டும் சேர்ந்திருந்தால் 23-வது அச்சு. தனியாக ஒரு ஜி கண்ணில் பட்டால்? முதல் அச்சு! கடைக்காரர் கவனிக்காத அந்த ஒற்றை எழுத்தைக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது.

அதே வளையத்தில் ஆள் கையெழுத்தும் இருக்கும். ஜார்ஜ் பெக்கம் என்ற பிரிட்டிஷ் பொறியாளர், தான் பள்ளம் வெட்டிய மூலத் தட்டுகளில் 'போர்க்கி' என்ற தன் செல்லப்பெயரைக் கீறிவைப்பார். எத்தனையோ பேர் வீட்டில் அது இருக்கிறது, பார்த்தவர்கள்தான் குறைவு.

தட்டைத் திருப்பாமல் வைத்துவிடாதீர்கள்! பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்' 1954-ல் வந்தது பி பக்கத்தில். குளோரியா கெய்னரின் 'ஐ வில் சர்வைவ்' 1978-ல் வந்ததும் பி பக்கத்தில்தான். உலகமே ஆடிய பாட்டுகள், பின்பக்கத்தில் ஒண்டிக் கிடந்தவை!

விலையைக் கேட்டால் மூச்சடைக்கும். 1965-ல் டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்துக்காக ஃபிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ' கடைக்கே வராமல் போனது. அச்சான பிரதிகளில் தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. வட இங்கிலாந்தின் விகன் கசினோ என்ற நடன அரங்கில் விடிய விடிய ஆடியவர்களுக்கு, அமெரிக்காவில் விலைபோகாத இத்தகைய சோல் பாட்டுகள்தான் உயிர். போட்டி டி.ஜே.க்கள் மோப்பம் பிடிக்காதிருக்க லேபிள்மேல் காகிதம் ஒட்டி, பொய்ப்பெயர் சொல்லிப் போடுவார்கள். வில்சனின் பாட்டு அங்கே 'எடி ஃபாஸ்டர்' பாடியதாக ஒலித்தது! அதன் ஒரு பிரதி 2020-ல் விற்ற விலை ஒரு லட்சம் பவுண்டு.

இதையெல்லாம் விற்கும் கடைகளுக்கும் வயதாகிவிட்டது. வேல்ஸின் கார்டிஃப் நகரில் உள்ள ஸ்பில்லர்ஸ் 1894-ல் தொடங்கியது, உலகிலேயே மிகப் பழமையான ரிக்கார்டு கடை அதுதான்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு! பிரிட்டனில் நிமிடத்துக்கு 78 சுற்றும் பழைய தட்டுகள் 1960-வாக்கில் ஓய்ந்துவிட்டன. ஆனால் மின்சாரம் எட்டாத இந்திய வீடுகளில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோனில் அவை இன்னும் பாடிக்கொண்டிருந்தன. அதனால் பீட்டில்ஸ் பாட்டுகளே கல்கத்தாவின் டம்டம் ஆலையில் 78 சுற்று அரக்குத் தட்டுகளாக வெளிவந்தன. பார்லஃபோன் லேபிள் ஒட்டிய அந்தத் தட்டுகளை இன்று வெளிநாட்டு ரசிகர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். கைதவறினால் சுக்குநூறாகும் சரக்கு. ஆகவே தாத்தா வீட்டுப் பரணில் இருக்கும் ரிக்கார்டு பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுக்குமுன், ஒவ்வொரு லேபிளையும் நிதானமாகப் படித்துவிடுங்கள்!