“எங்க வீட்டுக் கால் அப்படித்தான்”

நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றுபோகும். சமதரையிலேயே கணுக்கால் பிசகும். கெண்டைக்கால் மெலிந்திருக்கும்; பாத வளைவு தூக்கலாகவும் விரல்கள் மடங்கியும் இருக்கும். கேட்டால், “அப்பாவுக்கும் இப்படித்தான், அத்தைக்கும் இப்படித்தான், எங்க வீட்டுக் கால் அப்படி” என்பார்கள். நரம்பியல் மருத்துவருக்கு முதலில் வேண்டிய தடயமே இந்தப் பதில்தான். ஆனால் மருத்துவமனையில் பலர் இதைச் சொல்வதில்லை. அவசரத்தில் மருத்துவரும் கேட்பதில்லை.

1886இல் பாரிஸில் ஷார்கோவும் மரியும், இங்கிலாந்தில் டூத்தும் விவரித்த பரம்பரை நரம்பு நோய் இது. மூவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து சி.எம்.டி. என்கிறார்கள். 2,500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இதில் அதிகம் காணப்படும் வகைக்குக் காரணம், 17ஆவது குரோமோசோமில் பிஎம்பி22 என்ற மரபணு ஒரு படி கூடுதலாக இருப்பது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வேறு சில வகைகளில் பெற்றோர் இருவரும் நன்றாக இருப்பார்கள், பிள்ளைகளுக்கு மட்டும் வரும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே கட்டும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல்.

ஆனாலும் ஒரே வீட்டில் பலருக்குக் கால் மரத்துப்போனால் உடனே மரபணுவைத் தேட வேண்டாம். சர்க்கரை, பி12 குறைவு, தைராய்டு, குடி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். தொழுநோயையும் மறக்கக் கூடாது. நெருங்கிப் பழகும் குடும்பத்தினரிடையே அது பரவக்கூடும். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். அடுத்தது, கரண்ட் வைத்து நரம்பின் வேகத்தைப் பார்க்கும் டெஸ்ட். மரபணுச் சோதனை அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, விலை கூடிய எக்சோம் என்ற மரபணுச் சோதனை பேக்கேஜை முதலிலேயே எடுப்பவர்கள் உண்டு. பிஎம்பி22 கூடுதல் படியை அந்தச் சோதனை தவறவிடக்கூடும். ‘நார்மல்’ என்று வந்தால், “பிஎம்பி22 இரட்டிப்பையும் தனியாகப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள்.

கால் மரப்போடு எழுந்தால் தலைசுற்றல், மாறி மாறி வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும், இதயக் கோளாறு எல்லாம் சேர்ந்து வந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பரம்பரை டிடிஆர் அமிலாய்டோசிஸ் என்ற வேறொரு நோயாக இருக்கலாம். அதன் போக்கைத் தடுக்கும் மருந்துகள் வந்துவிட்டன. சி.எம்.டி.யைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. பிசியோதெரபி, கணுக்காலைத் தாங்கும் பட்டை, தேவைப்பட்டால் பாத அறுவை சிகிச்சை ஆகியவைதான் கைகொடுக்கும். பிறகு நோயின் பெயர் தெரிந்து என்ன பயன் என்பவர்களுக்கு ஒரே பதில்: வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து சி.எம்.டி. உள்ளவர்களின் நரம்பைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும். நோயின் பெயர் ஃபைலில் இருந்தால் அந்த ஊசிக்கு முன் மருத்துவர் யோசிப்பார்.

லாட்ஜில் முகாம் போட்டு நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து விற்பவர்களிடம் போகாதீர்கள். 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் சட்டப்படி அந்த விளம்பரமே குற்றம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் தரலாம். ‘நரம்புக்கு நல்லது’ என்று கடையில் வாங்கும் மாத்திரையிலும் கவனம் வேண்டும். பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

உங்கள் சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. எழுத்தில் கேளுங்கள், சித்தப்பா, அத்தை ரிப்போர்ட்டையும் சேர்த்து வையுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பும் உண்டு. நோயின் பெயர் மட்டும் போதாது, பாதிப்பை அளந்து 40 சதவீதமாவது உண்டு என்று சான்று வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். மரபணு நோய் என்று சொல்லி மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் விலக்கு வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இலேயே சொல்லிவிட்டது. ஆனால் பாலிசி தருவதா, பிரீமியத்தைக் கூட்டுவதா என்பதில் நிறுவனத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது. மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. அதற்காக நோயை மறைத்து பாலிசி எடுத்தால் கிளைம் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

எந்த அறிகுறியும் இல்லாத பிள்ளைக்கு அவசரப்பட்டு மரபணுச் சோதனை செய்யாதீர்கள். இப்போது செய்யக்கூடிய சிகிச்சை எதுவும் இல்லையென்றால், வளர்ந்தபின் அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.