பழைய பெர்டானா வி6: மோடிஃபை செய்வதா, பராமரிப்பதா?

ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கும் காசில் இன்று ஆறு சிலிண்டர் காடி ஒன்றை வாங்கிவிடலாம். புரோட்டோன் பெர்டானா வி6 அந்த ரகம். 1999-இல் சந்தைக்கு வந்தபோது அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் பின் இருக்கையில் அமர்ந்து வந்த காடி அது. தோட்டத்துப் பையன்கள் வேலியோரம் நின்று பார்த்த காடி. அந்தப் பையன்கள் வளர்ந்து கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் சிலர் சின்ன வயது ஆசையைத் தீர்த்துக்கொள்ள, இருபது வயதைத் தாண்டிய, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஒரு வி6-ஐ வாங்கி வீட்டு வாசலில் நிறுத்துகிறார்கள்.

அதன் பிறகுதான் கேள்வி வருகிறது. போனஸ் பணம் கையில் இருக்கிறது. அதைப் புது ரிம், எக்சோஸ், டர்போ எஞ்சின் என்று போடுவதா, அல்லது கண்ணுக்குத் தெரியாத பெல்ட்டிலும் ரப்பரிலும் போடுவதா?

பெர்டானாவின் 2.0 லிட்டர் வி6 மிட்சுபிஷியின் 6ஏ12 எஞ்சின். ஏறக்குறைய 150 குதிரைத்திறன். புதிதாக இருந்தபோது சுறுசுறுப்பான எஞ்சின்தான். ஆனால் இன்று வாங்குகிறவர் ஓட்டுவது அந்த 150-ஐ அல்ல. தேய்ந்த பிளக், அழுக்கேறிய த்ரோட்டில், அடைத்துப்போன இஞ்ஜெக்டர், களைத்துப்போன ஆட்டோ கியர்பெட்டி எல்லாம் சேர்ந்து மிச்சம் வைத்ததைத்தான் ஓட்டுகிறார். “வண்டி இழுக்கவில்லை” என்று சொல்லி மோடிஃபை செய்ய வருகிறவர்களில் பலருக்குத் தேவைப்படுவது கூடுதல் சக்தி அல்ல, தொலைந்துபோன சக்தி.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. நல்ல போர்மன் ஒருவரிடம் ஆறு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் அளந்து தரச் சொல்ல வேண்டும். ஆறும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் எஞ்சின் உயிரோடு இருக்கிறது. ஒன்று மட்டும் விழுந்து கிடந்தால், ரிம் வாங்க வைத்த காசு அங்கேதான் போகும். மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்பி முடிவெடுக்கக்கூடாது. அதைத் திருப்பி வைப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

அடுத்தது டைமிங் பெல்ட். முந்தைய உரிமையாளர் “மாற்றியாச்சு” என்று சொன்னாலும், ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். பெல்ட் கிலோமீட்டரால் மட்டுமல்ல, வயதாலும் கெடும் ரப்பர். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடிபட்டு வளையும். ஒரு நொடியில் எஞ்சின் போய்விடும். பெல்ட்டைக் கழற்றும்போதே டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிட்டால், அதே கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டியதில்லை.

பிளக் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருப்பதால், பின்வரிசை மூன்று பிளக்குகள் காற்றுக் குழாய்த் தொகுதிக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றாமல் கை போகாது. சோம்பேறிப் பட்டறை என்றால் முன்வரிசை மூன்றை மாற்றிவிட்டு ஆறுக்கும் காசு வாங்கிக்கொள்ளும். கழற்றிய பழைய பிளக்குகளை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்வது நல்லது. அவற்றில் எண்ணெய் படிந்திருந்தால் மேல்மூடி கேஸ்கெட் கசிகிறது என்று அர்த்தம்.

பிறகு சூடு. நம் ஊர் வெயிலிலும் ஜாமிலும் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பகுதி வெடிப்பது சகஜம். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிய காடியென்றால் உள்ளே துருவும் சேறும் இருக்கும். கூலண்ட், ஹோஸ், ரேடியேட்டர், விசிறி எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சரிபார்ப்பது, சிலிண்டர் தலை வளைந்தபின் அழுவதைவிட மலிவு. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றாவிட்டால் கேமரன் மலை இறக்கத்தில் மிதி பஞ்சாக அமுங்கும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண், அது எந்த ஆண்டின் எந்த வாரத்தில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். பூ நன்றாக இருக்கிறதே என்று பத்து வயது டயரில் நெடுஞ்சாலை ஏறக்கூடாது.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு பலரைப் பயமுறுத்தும். அரசாங்கங்களையே பயமுறுத்தியிருக்கிறது. 2008-இல் திரெங்கானு மாநில அரசு, பெர்டானா வி6 காடிகளின் பராமரிப்புச் செலவைக் காரணம் காட்டி 14 மெர்சிடிஸ் காடிகளை வாங்கி நாடு முழுக்கப் பேச்சானது. சொந்தச் சம்பளத்தில் ஓட்டுகிறவருக்கு அந்த வசதி இல்லை.

சரி, மோடிஃபை பக்கம் வருவோம். பெர்டானா பிரியர்களின் பெரிய கனவு 6ஏ13 இரட்டை டர்போ. மிட்சுபிஷி கலான்ட் விஆர்-4-இல் வந்த 2.5 லிட்டர் எஞ்சின் அது, 280 குதிரைத்திறன் வரை தரும். ஹாஃப்கட் கடைகளில் கிடைக்கிறது, பெர்டானாவுக்குள் உட்காரவும் செய்கிறது. ஆனால் பிரேக், கியர்பெட்டி, அடித்தட்டு எல்லாம் 150-க்குச் செய்தவை. மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும் காடியை நிறுத்த பிரேக் விழுங்கும் சூட்டைப் போல, 160-இல் இரண்டு மடங்குக்கு மேல் விழுங்க வேண்டும். எஞ்சினுக்குக் காசு சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

காகித வேலையும் இருக்கிறது. எஞ்சினை மாற்றும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். கடை ரசீது, சுங்க ஆவணம் வேண்டும். புஸ்பாகோம் சோதனை முடிந்து, பதிவில் புது எஞ்சின் எண் ஏற வேண்டும். 2.0 லிட்டருக்குத் தீபகற்பத்தில் சாலை வரி 379 வெள்ளி. 2.5 ஆனால் சுமார் 880 வெள்ளி. இதைத் தவிர்க்கப் பழைய எண்ணிலேயே ஓட்டுகிறவர்கள், காடியை விற்கும் நாளில் பெயர் மாற்றச் சோதனையில் மாட்டிக்கொள்கிறார்கள். அதைவிட மோசமானது விபத்து. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கலாம். இந்த வயதுக் காடிகளுக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் கிடைக்கும். மோதிய மற்றவர் இழப்பீடு கேட்டு வந்தால் வீட்டு வாசலில்தான் நிற்பார்.

சின்ன மாற்றங்களிலும் சில வீண். திறந்த வகைக் காற்று வடிகட்டி, எஞ்சின் அறையின் சூட்டுக்காற்றைத்தான் உறிஞ்சும். சத்தம் கூடும், இழுவை கூடாது. அகலமான எக்சோஸ் போட்டால் தாமான் முழுக்க விழித்துக்கொள்ளும், சம்மனும் வரும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்து. குழியில் விழும்போது வெட்டிய ஸ்பிரிங் இருக்கையை விட்டு நகரலாம்.

இதற்காக மோடிஃபை என்றாலே பாவம் என்றில்லை. பழையது தேய்ந்து எப்படியும் மாற்ற வேண்டிய இடத்தில் கொஞ்சம் நல்லதாகப் போடுவது புத்திசாலித்தனம். அலுமினிய ரேடியேட்டர், தரமான பிரேக் பேட், நல்ல அப்சோர்பர், புது புஷ்கள், புது எஞ்சின் மௌன்டிங், நல்ல டயர். இவை போட்ட பெர்டானாவை ஓட்டிப் பார்த்தவர் டர்போவை உடனே கேட்க மாட்டார். புஷ்ஷும் அப்சோர்பரும் புதிதானால் வளைவில் காடி நடந்துகொள்ளும் விதமே வேறு. அப்படி ஓராண்டு ஓட்டி, எதுவும் கசியவில்லை, சூடேறவில்லை, கியர் இடிக்கவில்லை என்றால், எஞ்சின் கனவை அப்போது ஜேபிஜே பாரத்தோடு தொடங்கலாம்.

அந்த ஓராண்டுக்கு ஒரு பழைய பள்ளி நோட்டு போதும். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், கொடுத்த காசு, பட்டறையின் பெயர், ரசீதை ஒட்ட ஒரு பக்கம். பழைய வி6 பார்க்க வருகிற விவரமான ஆள், பானட்டைத் திறக்கும் முன் கேட்பது அந்த நோட்டைத்தான்.