ஷிப்மென்ட் நேரத்தில் திணறும் சிஸ்டம்

கம்பெனிக் கம்ப்யூட்டர் – 9

மாதம் 11-ம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள். டேலியில் ஒரு பில்லைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "அந்த ஆன்டிவைரஸைத் தூக்கிப் போட்டுருங்க தம்பி" என்கிறார் அக்கவுன்டன்ட். திருப்பூரில் சர்வீஸுக்குப் போகிற பையன்கள் எல்லோரும் கேட்ட வசனம்தான் இது.

தூக்க வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, சென்னையை அடுத்த ஒரகடத்து ரெனோ-நிசான் கார் ஆலை வரைக்கும் அது வந்தது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மேலே நிற்பது பெரும்பாலும் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்', அதாவது விண்டோஸின் சொந்த டிஃபெண்டர். அதற்கு வேலை இரண்டு. நீங்கள் தொடும் ஃபைலை அப்போதே பார்ப்பது லைன் செக்கிங் மாதிரி. டிஸ்க் முழுக்க அலசுவது ஃபைனல் செக்கிங். முதலாவது ஓடியே ஆக வேண்டும். இரண்டாவது நேரம் தவறி வருவதுதான் தொல்லை. விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளுக்கு வைத்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. நாமோ ராத்திரி மெயினையே அணைத்துவிட்டுப் போகிறோம். விட்டுப்போன வேலையைப் பகலில்தானே அது செய்யும்? சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் சிஸ்டத்தை ஓடவிட்டுப் போங்கள். டாஸ்க் ஷெட்யூலரில் டிஃபெண்டர் ஸ்கேனை அந்த இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது டேலி. அதன் டேட்டா ஃபோல்டரில் ஏகப்பட்ட ஃபைல்கள். நான்கு பேர் நெட்வொர்க்கில் வவுச்சர் போடும்போது ஒவ்வொன்றையும் டிஃபெண்டர் எட்டிப்பார்க்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பகுதிக்குப் போய் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் சேர்த்தால் போதும். டேட்டா இருக்கிற சர்வரிலும் இதைச் செய்ய வேண்டும். வேகம் கிடைத்த குஷியில் 'டி' டிரைவ் முழுவதையும் விலக்கிவிடுபவர்கள் உண்டு. டவுன்லோட்ஸை விலக்குபவர்களும் உண்டு. பையர் பெயரில் வரும் போலி மெயிலின் இணைப்பு வந்து விழும் இடமே அதுதான்!

பென் டிரைவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. காலையில் பிரிண்டிங் யூனிட், மதியம் டிஎஸ்டி ஃபைலோடு எம்ப்ராய்டரி யூனிட், சாயங்காலம் மெர்ச்சன்டைசர் மேஜை என்று ஊர் சுற்றிவிட்டு வரும் பொருள் அது. அதற்குச் சலுகையே கூடாது.

காசு கொடுத்து வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் லேப்டாப்போடு வந்து காலாவதியான ட்ரயல் ஒன்று உள்ளேயே கிடக்கும். அதை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் குற்றவாளி பழைய ஹார்டு டிஸ்க். 4 ஜிபி ராமும் சுழலும் டிஸ்க்கும் உள்ள சிஸ்டத்தில் எந்த செட்டிங்கும் பெரிதாக உதவாது. எஸ்எஸ்டி மாற்றுங்கள், ராமைக் கூட்டுங்கள். மாற்றும் முன் டேலி பேக்கப் எடுத்துவிடுங்கள். அதை எங்கே, எப்படி வைப்பது என்பது அடுத்த வாரம்.